ஸ்டவ் பாட்டும் சப்பர நடையும்

புதுச்சேரி வெயிலைத் தோற்கடித்த மனிதர் இதுவரை ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் ஸ்வெட்டர் அக்கா.

கடற்கரைச் சாலையில் நாய்கள்கூட நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிழலுக்கு இடம் பிடிக்கும் சித்திரை மாதத்தில், அக்கா கழுத்து வரை பொத்தான் போட்ட முழுக்கைக் கம்பளி ஸ்வெட்டரில் மேடையேறுவார். அடியில் கஞ்சி போட்ட காட்டன் புடவை. ஸ்வெட்டர் அரக்கு நிறம். பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர் யாரோ அனுப்பியதாம். அந்த ஊர்ப் பனிக்காகப் பின்னியதை அரியாங்குப்பத்துக் கல்யாண மண்டபத்தில் போட்டுக்கொண்டு பாடியவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

"வேர்க்கலையாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வேர்க்கும். தொண்டை நல்லா இருக்கும். ரெண்டுல எது வேணும்னு நீயே சொல்லு."

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு மைக்செட் வேலைக்கு வந்தவன். ஆம்ப்ளிஃபயர் சூடானால் வெடித்துவிடுமோ என்று பயப்படுவேன். சூடாகாவிட்டால் செத்துவிட்டதோ என்று பயப்படுவேன். வானம் கறுத்தால் கவலை. வெளுத்திருந்தால், இப்படி வெளுத்திருப்பதே ஏதோ திட்டத்தோடுதான் என்று அதைவிடக் கவலை. எங்கள் மைக்செட்தான் அக்கா பாடும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் போகும், எங்கள் தெரு மாதா கோயிலுக்கும் போகும். எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். சம்பந்தப்பட்ட குடும்பத்தில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.

அக்காவுக்கு அப்போது நாற்பதைத் தொடும் வயது. பகலில் சேதராப்பட்டில் சோப்புக்கு உறை போடும் வேலை. சாயங்காலம் ஆர்கெஸ்ட்ரா. ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயில் பூசையில் கொயர் பாட்டு. மூன்று இடத்திலும் ஒரே முகம்தான். சோப்பைப் பார்க்கிற மாதிரிதான் சினிமாப் பாட்டையும் பார்ப்பார், சினிமாப் பாட்டைப் பார்க்கிற மாதிரிதான் ஒயர் இழுக்க வந்த எங்களையும் பார்ப்பார்.

மேடையில் அவர் ஆடமாட்டார், அசையமாட்டார். கொயரில் நிற்பதுபோல இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு நிற்பார். விசில் வந்தால் பாட்டை அப்படியே நிறுத்திவிடுவார். கீபோர்டு வாசிக்கும் மாஸ்டரும் மற்றவர்களும் ஓட்டுநர் இறங்கிப்போன வண்டி மாதிரி கொஞ்ச தூரம் தானாக ஓடிவிட்டு நிற்பார்கள். அக்கா விசிலடித்தவனைத் தேடிப் பிடித்துப் பார்த்து, "முடிச்சிட்டியாப்பா? நான் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்பார். அவன் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வரி.

ஒரு கல்யாணத்தில் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஓர் ஆள் நல்ல போதையில் மேடையில் ஏறிவிட்டான். பனைமரத்துக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பான். அக்காவுக்குப் பக்கத்தில் நின்று இடுப்பை ஆட்டத் தொடங்கினான். எனக்கு உடனே அடிதடி, போலீஸ், உடைந்த ஸ்பீக்கர் எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்தன. அக்கா பாடிக்கொண்டே மைக் ஒயரைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தார்.

"வந்தது வந்துட்ட. இதப் பிடிச்சிக்க. கால்ல கால்ல மாட்டுது."

அவன் பிடித்துக்கொண்டான். கச்சேரி முடியும் வரை பிடித்துக்கொண்டே நின்றான். நடுவில் போதை தெளிந்தும் இறங்கவில்லை. அடுத்த கச்சேரிக்கும் தானாகவே வந்து, "அக்கா, ஒயரு?" என்று கேட்டான். கோயில் திருவிழாவில் மாதா சப்பரம் தூக்கும்போது முன்கொம்பைப் பிடிப்பவன் அவன்தான். அதனால் தெருவில் அவனுக்குப் பெயரே முன்கொம்பு.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஸ்டவ் பாட்டு வந்தது.

ஊரில் எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு சினிமாவில் கதாநாயகி சமையலறையில் ஆடிக்கொண்டே, தன் பம்ப் ஸ்டவ் பற்றவே மாட்டேன் என்கிறது, மாமா வந்து பம்பு அடித்துத் தரவேண்டும் என்று கெஞ்சுவாள். சரணத்துக்குச் சரணம் புகை அதிகமாகும். இடையிடையே பெருமூச்சு. அது ஸ்டவ்வைப் பற்றிய பாட்டு இல்லை என்பது ஸ்டவ்வுக்கே தெரியும்.

தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்தது. மகளிர் அமைப்புகள் போஸ்டர் மீது தாரைப் பூசின. டி.வி.யில் ஒரு பேராசிரியர் கிராமத்து வயலில் பாடாததா என்றார். இன்னொருவர் இதைக் கேட்கும் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பாட்டையே போட்டார்கள். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து அரியாங்குப்பம் போகும் டெம்போவில் பாட்டு ஆரம்பித்தால், பெண்கள் எல்லாரும் திரும்பி ஆற்றைப் பார்ப்பார்கள். ஆறு வருவதற்கு முன்னாலேயே பார்ப்பார்கள்.

ஆர்கெஸ்ட்ராவில் ரசிகர்கள் எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டெல்லாம் ஸ்டவ்வாகவே வந்தது. குழுவில் இருந்த இளம் பாடகிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் அந்தப் பாட்டை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். மாஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பாடாவிட்டால் கல்லெறிவார்கள், பாடினாலும் எறியலாம். நான் என் பங்குக்கு ஸ்பீக்கருக்குக் கல் படாத இடம் எது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

ஸ்வெட்டர் அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டீ குடித்தபடி பாட்டு வரிகளை மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"மாஸ்டர், இதுல ஒரு தப்பு இருக்கு."

"அதத்தாம்மா ஊரே சொல்லுது."

"ஊர் சொல்றது இருக்கட்டும். பம்ப் ஸ்டவ்வுன்னு எழுதியிருக்கான். அடுத்த வரியில திரி நனைஞ்சு போச்சுங்கறான். பம்ப் ஸ்டவ்வுல ஏது திரி? எழுதின ஆளு அடுப்படி பக்கமே போனதில்ல போலிருக்கு."

மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "பாடுவியா, மாட்டியா?"

"பாடறேன். நடை நல்லா இருக்கு. நடந்துகிட்டே பாடலாம்."

அரியாங்குப்பத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் முதல் முறை பாடினார். ஸ்வெட்டரின் மேல் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார், கைகளைக் கோத்தார், பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார். ஒரு கண்சிமிட்டல் கிடையாது. பெருமூச்சு வருகிற இடங்களில் மற்றவர்கள் என்னென்னவோ செய்வார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து, "மூச்சை இழுத்து விடும்மா" என்றால் விடுவோமே, அக்கா அப்படி ஒரு மூச்சு விட்டார். கூட்டம் முதலில் திகைத்தது. பிறகு சிரித்தது. அப்புறம் மண்டபமே எழுந்து நின்று ஒன்ஸ்மோர் கேட்டது. பெண்ணின் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொடுத்தார்கள். அந்தப் பாட்டுக்குப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதல் வரிசையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு கொமாந்தான் உட்கார்ந்திருந்தார்.

கொமாந்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். அங்கே என்னவாக இருந்தார் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட முதுகு. முகத்துக்கு நேராக மிசியே, அதாவது ஐயா. முதுகுக்குப் பின்னால் கொமாந்தான், அதாவது பட்டாளத்து அதிகாரி. எங்கள் கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக்கு அவர்தான் தலைவர். நல்ல மனிதர்தான், கோயிலுக்காக ஓடியாடி உழைப்பவர். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். பாட்டு முடிகிற வரை அவர் எழுந்து போகவில்லை. ஒன்ஸ்மோரும் முடிந்தது. ஐஸ்கிரீம் உருகிப் பாயசமானது. அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் கூடத்தில் விசாரணை. நான் மைக்கைக் கழற்றப் போனேன்.

"கழட்டாத. பேசணும்," என்றார் கொமாந்தான். வீட்டில் உப்புக் கேட்பதற்கே மைக் வேண்டும் அவருக்கு.

"வெளி ஹாரனையாவது அணைச்சிடறேன் மிசியே."

"எதுக்கு? நாலு பேருக்குத் தெரியட்டும்."

தெரிந்தது. கூரை மேல் இருந்த இரண்டு ஹாரனும் விசாரணையை நான்கு தெருவுக்கு ஒலிபரப்பின. மீன் கழுவிக்கொண்டிருந்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள்.

"நீ பாடின பாட்டுல ஆபாச வரி இருக்கு. ஒத்துக்கறியா?"

"எந்த வரி மிசியே?" என்றார் அக்கா.

"எந்த வரின்னா... உனக்கே தெரியும்."

"எது தப்புன்னு சொன்னீங்கன்னா அதை விட்டுட்டுப் பாடறேன். சும்மா தப்பு தப்புன்னா நான் எதை விடறது?"

கொமாந்தான் பக்கத்தில் இருந்த பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"எனக்கு அந்தப் பாட்டே தெரியாதுங்க," என்றார் பொருளாளர். "ரெண்டாவது சரணத்துல, மண்ணெண்ணெய்க்கு அடுத்தாப்ல ஒண்ணு வருமே, அதுவா இருக்கும்."

கூடத்தின் பின்பக்கம் யாரோ இருமினார்கள். அக்கா மட்டும் முகம் மாறாமல் மைக் பக்கம் குனிந்தார். உதவி செய்கிற குரலில் கேட்டார்.

"'மாமா வந்து பம்பு அடி'ங்கறதா? 'எந் திரி நனைஞ்சு போச்சு'ங்கறதா?"

இரண்டு வரியும், அன்றைய பூசையில் அவர் வேத வாசகம் வாசித்த அதே நிறுத்தத்தோடு, நான்கு தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. கோயில் பாதிரியார் பங்குச்சாமி இளவயதுக்காரர். போன் வந்ததுபோல் காதில் கையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க வெளியே போனார்.

"மைக்க அணைடா," என்றார் கொமாந்தான்.

"அணைக்காத தம்பி." வாசலில் கொமாந்தானின் மனைவி நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் அவரை மதாம் என்பார்கள். பின்னால் தெருப் பெண்கள் ஒரு கூட்டம். "ஏம்மா, திரின்னா சொன்ன? பம்ப் ஸ்டவ்வுல திரி கிடையாதே."

"அதத்தான் மதாம் நானும் மாஸ்டர்கிட்ட சொன்னேன்."

"பின்னு போட்டு அடைப்பு எடுக்கணும். அவ்வளவுதான்," என்றார் ஒரு பெண்.

"எங்க வீட்டுதுல வாஷரு போயிடுச்சு. யாருக்காவது ரிப்பேர்காரன் தெரியுமா?" என்றார் இன்னொருவர்.

விசாரணை ஸ்டவ் ரிப்பேர் மாநாடாக மாறியது. எந்தக் கடை வாஷர் நல்லது என்பதில் இரண்டு கட்சி உருவானது. கொமாந்தான் மேஜையைத் தட்டினார். தட்டியதும் மைக்கில் இடி மாதிரி விழுந்தது; எல்லாரும் அடங்கினார்கள். அவர் முகம் சிவந்திருந்தது. மனைவி முன்னால் தோற்ற முகம் அது. அந்த நேரத்தில் மனிதர்கள் எடுக்கும் முடிவு எதுவுமே நல்லதாக இருந்ததில்லை.

"திரியோ பின்னோ, அது இருக்கட்டும். திருவிழா முடியற வரைக்கும் கொயர்ல நீ நிக்க வேணாம்."

அக்கா முதல் முறையாகத் தடுமாறினார்.

"சப்பரத்துக்குமா மிசியே?"

"சப்பரத்துக்கும்தான்."

சப்பரத்தைப் பற்றிச் சொன்னால்தான் அந்தக் கேள்வி உங்களுக்குப் புரியும். திருவிழாவின் கடைசிச் சாயங்காலம் மாதா சுரூபத்தை, அதாவது சிலையை, சப்பரத்தில் வைத்து, ஆட்கள் தோளில் சுமந்து தெருத்தெருவாகக் கொண்டுவருவார்கள். பேண்டு செட் வெகுதூரம் முன்னால் போய்விடும். சப்பரத்துக்குப் பக்கத்தில் மேளம் கூடாது, பாட்டு மட்டும்தான் என்பது எங்கள் தெரு வழக்கம். சுமப்பவர்கள் அந்தப் பாட்டின் நடைக்குத்தான் அடி வைப்பார்கள். பாடுகிறவர் இழுத்தால் நிற்பார்கள், விட்டால் நடப்பார்கள். அதைப் பல வருடமாகப் பாடியவர் ஸ்வெட்டர் அக்கா. எங்கே பள்ளம், எங்கே திருப்பம், எவன் தோள் எப்போது வலிக்கும் என்பதெல்லாம் பார்த்துப் பாடுவார்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு என்னோடு உட்கார்ந்து ஒயர் சுருட்டினார்.

"பாவாடை சட்டை போட்ட வயசுல இருந்து அந்தச் சப்பரத்துக்கு முன்னால நடக்கறேன்டா. பின்னால இருந்து பாத்தா எப்படி இருக்கும்னே தெரியாது. இந்த வருஷம் பாத்துடறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுற்றி முடித்த ஒயர். எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் பயம்தான்; ஆறுதல் வராது.

கொமாந்தான் காரைக்காலிலிருந்து ஒரு பாட்டு டீச்சரை வரவழைத்தார். முறையாகச் சங்கீதம் படித்தவர், தேன் குரல். கொடியேறிய நாளிலிருந்து தினமும் பாடினார். கோயிலே மயங்கியது. அக்காவும் கடைசி வரிசையில் நின்று கேட்டுவிட்டு, "நல்லாப் பாடறாங்கடா" என்றார். அது நிஜமாகவே சொன்னது. அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சப்பரத்து நாளும் வந்தது. சூரியன் இறங்குகிற நேரம். சப்பரத்தில் சீரியல் பல்பு, மல்லிகை, மாதாவுக்குப் புதுக் கிரீடம். இந்து வீடுகளின் வாசலிலும் கோலம் போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். சப்பரத்துக்கு முன்னால் எங்கள் மினி லாரி, அதில் ஜெனரேட்டரும் ஆம்ப்ளிஃபயரும் நானும். பின்னால் இருந்து பார்க்க மனம் வராமல், லாரியின் பின்பலகையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்வெட்டர் அக்கா, கையில் வறுத்த கடலைப் பொட்டலம்.

"அக்கா, உங்கள யாராவது பாத்தா..."

"பாடக் கூடாதுன்னாங்க. வண்டியில உக்காந்து கடலை திங்கக் கூடாதுன்னு சொல்லல."

டீச்சர் மைக்கை வாங்கி மாதா பாட்டை ஆரம்பித்தார். முதல் சொல்லே தெருவின் கோடி வரை போய்த் திரும்பி வந்தது. அவ்வளவு நீளம். ராகம் சுழன்று, ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. கேட்பதற்குச் சொர்க்கம். ஆனால் காலைத் தூக்கிய ஆட்கள் அந்தச் சொல் முடியட்டும் என்று தூக்கிய காலோடு நின்றார்கள். சிலருக்கு முடிந்துவிட்டதுபோல் தோன்றி வைத்துவிட்டார்கள். முன்னால் இடப்பக்கம் நடந்தது, பின்னால் வலப்பக்கம் நின்றது. சப்பரம் முகத்துவாரத்தில் மாட்டிய படகு மாதிரி ஆடியது. மாதாவின் கிரீடம் ஒருபக்கம் சாய்ந்தது. பல்பெல்லாம் அணைந்து அணைந்து எரிந்தன. நான் ஜெனரேட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அப்படியே தட்டுத்தடுமாறி வாய்க்கால் திருப்பத்துக்கு வந்தார்கள். அங்கே சப்பரம் நின்றேவிட்டது. நின்றால் கீழே முட்டுக் கொடுத்துத் தாங்குவதற்குக் கட்டைகள் உண்டு. கட்டை தூக்குகிறவர்கள் பேண்டு செட்டோடு முன்னால் போய் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மொத்த பாரமும் தோளில். ஒருபக்கம் வாய்க்கால்.

முன்கொம்பின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவன்தான் முதலில் முனகினான். வார்த்தை இல்லை, வெறும் மெட்டு, தாளத்துக்காக. பக்கத்தில் இருந்தவன் சேர்ந்துகொண்டான். பின்கொம்பு ஆட்களும் சேர்ந்தார்கள். கால்கள் ஒன்றாக விழுந்தன, சப்பரம் நிமிர்ந்தது, அழகாக நகர்ந்தது. தெருவே மூச்சைப் பிடித்தது. ஏனென்றால் அவர்கள் முனகியது ஸ்டவ் பாட்டு.

பெண்கள் முந்தானையால் வாயை மூடினார்கள். கிழவர் ஒருவர் தாளம் தவறாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

"டேய், மாதாவுக்கு முன்னாலயாடா? நிறுத்துங்கடா," என்றார் கொமாந்தான்.

நிறுத்தினார்கள். சப்பரம் வாய்க்கால் பக்கம் சாய்ந்தது.

"சரி, சரி, பாடுங்கடா."

முனகினார்கள். சப்பரம் நிமிர்ந்தது.

"நிறுத்துங்கடா."

சாய்ந்தது.

"மிசியே," என்றான் முன்கொம்பு பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணு அந்தப் பாட்டு வேணும், இல்ல அக்கா வேணும். சீக்கிரம் சொல்லுங்க."

கொமாந்தான் தொப்பியைக் கழற்றினார். எங்கள் லாரியைப் பார்த்து வந்தார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஏம்மா, கொஞ்சம் வா."

அக்கா கடலையை மெல்வதை நிறுத்தவில்லை. "நான் ஒதுக்கி வெச்ச ஆளாச்சே மிசியே."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா."

"அப்புறம் பேசினா அப்புறம்தான் பாடுவேன். ஸ்டவ் பாட்டும் எந் தொழிலு, மாதா பாட்டும் எந் தொண்டை. அதுக்காக இத விடு, இதுக்காக அத விடுன்னு இனிமே யாரும் கேக்கக் கூடாது. விசாரணைன்னு கூப்பிடக் கூடாது."

"சம்மதம்னு சொல்லுய்யா," என்று சப்பரத்தின் அடியிலிருந்து ஒரு குரல். "தோள் போவுது."

கொமாந்தான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் மதாம் நின்று கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தார்.

"சம்மதம்," என்றார் கொமாந்தான், மைக் இல்லாமல், மிகச் சின்னக் குரலில்.

"டீச்சருக்கு மனசு வருத்தப்படக் கூடாது," என்றார் அக்கா.

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்ற டீச்சர் ஓடிவந்து மைக்கை அவர் கையில் திணித்தார். அந்த அம்மாவுக்கும் வாய்க்கால் பயம் வந்துவிட்டிருந்தது. "சீக்கிரம் பிடிங்க."

அக்கா லாரியிலிருந்து இறங்கினார். மடியில் இருந்த கடலைத் தோலைத் தட்டினார். ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டார். முன்கொம்பைப் பார்த்து, "நீ முனகறத நிறுத்தாத. நான் உள்ள வரேன்," என்றார். அவன் முனகினான். அவன் நடையின் மேலேயே, ஒரு நூல் பிசகாமல், மாதா பாட்டின் முதல் சொல்லை அக்கா இறக்கினார்.

எப்படிச் சொல்வது. ஓடுகிற பஸ்ஸில் ஆள் ஏறுவதுபோல இருந்தது. இரண்டு அடிக்கு ஸ்டவ் பாட்டும் மாதா பாட்டும் சேர்ந்தே நடந்தன. மூன்றாவது அடியில் ஸ்டவ் பாட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. முனகியவர்கள் எல்லாரும் மாதா பாட்டை வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். சப்பரம் நிமிர்ந்து, மெதுவாக, மணப்பெண் திரும்புகிற மாதிரி அந்தத் திருப்பத்தில் திரும்பியது. மாடிகளிலிருந்து பூ கொட்டியது. டீச்சர் பக்கத்திலேயே நடந்து இரண்டாம் குரல் கொடுத்தார். அந்தத் தேன் குரல் அக்காவின் குரலோடு சேர்ந்தபோது எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. கொமாந்தான் தொப்பியைக் கையில் பிடித்தபடி, பட்டாளத்து நடையில், தாளத்துக்குச் சரியாக நடந்தார். பாட வேறு செய்தார். மதாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கட்டை தூக்குகிறவர்கள் டீ குடித்துவிட்டு ஓடிவந்தார்கள். கோயில் வாசல் வரை அந்தக் கட்டைக்கு வேலையே இருக்கவில்லை.

சப்பரம் இறங்கியதும் கோயில் எதிரிலேயே இளைஞர்கள் ஏற்பாடு செய்த இன்னிசை. மாஸ்டர் கீபோர்டில் கையை வைத்ததும் சீட்டு மழை. எல்லாம் ஸ்டவ். கூட்டம் கத்தியது. ஜெயித்த தைரியத்தில் அக்கா பாடிவிடுவார் என்று நான் நடுங்கினேன். கொமாந்தானும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கொடுத்த வார்த்தையை மீற முடியாமல் தொண்டையை மட்டும் செருமினார்.

அக்கா சீட்டுகளை எல்லாம் படித்தார். மைக்கை வாங்கினார்.

"மாதா வாசல்ல அது கிடையாது. நாளைக்கு கதிர்காமத்துல கல்யாணம், அங்க பாடறேன். சாப்பாடு போடுவாங்களான்னு மட்டும் விசாரிச்சிக்கிட்டு வாங்கடா."

கூட்டம் சிரித்தது. கொமாந்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். யாரும் சொல்லாமலே அக்காவுக்குத் தெரிந்ததை, ஊரைக் கூட்டி, ஹாரன் வைத்துச் சொல்லப் போனோமே என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அடுத்த ஞாயிறு அக்கா கொயரில் பழைய இடத்தில் நின்றார். விசாரணை என்ற பேச்சு அந்தக் கோயிலில் அப்புறம் எழுந்ததில்லை.

அந்தச் சப்பரத்து ராத்திரி, இன்னிசை முடிந்ததும் அக்கா மைக்கை என் கையில் கொடுத்தார். சூடாக, வியர்வையில் நனைந்து இருந்தது. ஈரம் பட்டால் மைக் தலையில் இருக்கும் கம்பி வலை துருப்பிடிக்கும், ஒருவர் கை மாறியதும் துடைத்துத்தான் பெட்டியில் வைப்பேன். அதுதான் என் வேலை, என் பயமும்கூட.

துருப்பிடித்தால் பிடிக்கட்டும் என்று அந்த மைக்கை மட்டும் நான் துடைக்கவில்லை.